சேமிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றீர்களே, மாமா

என் அக்காவைக் கட்டிக்கொண்டு, என்னையும் தொழிலில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பாதியில் இறங்கிப் போய்விட்ட பாசமான மாமாவுக்கு,

நீங்கள் போன பிறகு எல்லோரும் உங்களைத் தங்கம் என்கிறார்கள். விழுப்புரத்தில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் 'கணினி மேதை' என்று போட்டிருந்தார்கள். ஊரார் முன்னால் நான் வாயே திறக்கவில்லை. உங்களிடமே நேராகச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

உங்கள் மேல் எனக்கு அத்தனை கோபம் இருக்கிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அக்கா கெஞ்சக் கெஞ்ச, "கேஸுதான், வேற ஏதாச்சும் வந்தா பாத்துக்கலாம்" என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தீர்கள். வந்தது. பார்த்துக்கொள்ள நீங்கள்தான் இல்லை. மென்பொருள் எழுதும்போதும் இதே புத்திதானே உங்களுக்கு?

டயாலிசிஸ் மையத்துக்கு நாம் செய்து கொடுத்த பதிவு மென்பொருளைத்தான் சொல்கிறேன். இயந்திரங்கள் விழுப்புரத்தில். பதிவுக்கு அங்கே ஒரு கவுண்டர், திண்டிவனத்தில் ஒரு கவுண்டர். சனிக்கிழமை காலையில் அடுத்த வாரத்து நேரங்கள் திறக்கும். இரண்டு கவுண்டரும் ஒரே சமயத்தில் கை வைக்கும். ஒரே இயந்திரத்தை, ஒரே நேரத்துக்கு, இரண்டு பேர் கேட்டால் யாருக்குக் கொடுப்பது?

பூட்டு போடலாம் என்றேன் நான். ஒரு கவுண்டரில் ஒரு நேரத்தைத் திறந்த உடனே அது பூட்டிக்கொள்ள வேண்டும். எழுதி முடிக்கும் வரை மற்ற கவுண்டர் அதைத் தொட முடியக் கூடாது. நீங்கள் சிரித்தீர்கள்.

"டேய் பூபாலா, பஸ்ஸு ஜன்னல்ல துண்டு போடற மாரிடா இது. துண்டப் போட்டுட்டு அவன் கீழ டீ குடிச்சிக்கினு இருப்பான். ஏறுனவன் நின்னுக்கினே போவான்."

"அப்ப இன்னாதான் பண்ணணும்ன்றீங்க?"

"லாக்கே வேணாம். எவன் வேணா தொறக்கட்டும், எழுதட்டும். சேவ் பண்ணும்போது, நடுவுல வேற யாராச்சும் மாத்திட்டாங்களான்னு பாத்துக்கலாம். மாத்தியிருந்தா, திரும்பப் போடுன்னு சொல்லிட்டா முடிஞ்சிது."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நம் அலுவலகத்தில் இரண்டு கணினிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தீர்கள், ஜம்மென்று ஓடியது. திண்டிவனம் கவுண்டரில் நெட் தவழ்ந்துகொண்டு வரும் என்று நான் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எப்போதுதான் என் பேச்சைக் கேட்டீர்கள்?

அதில் மாட்டியது யார் தெரியுமா? உங்கள் அம்மா. நீங்கள் போன பிறகு அத்தைக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் செய்தாக வேண்டும். திண்டிவனம் கவுண்டரில் இருக்கும் கௌரி ஒரு நேரத்தை முதலில் திறப்பாள். நெட் மெதுவாக நகர, அத்தையின் பெயரையும் விவரத்தையும் போட்டு முடிப்பதற்குள், பின்னால் வந்த விழுப்புரம் கவுண்டர் சேமித்துவிடும். 'மன்னிக்கவும், இந்த நேரத்தை வேறொருவர் பதிவு செய்துவிட்டார்' என்று திரையில் வரும். அந்த 'மன்னிக்கவும்' உங்கள் கையால் தட்டியது.

"நான்தாண்ணா மொதல்ல தொறந்தேன்" என்றாள் கௌரி. "ஒவ்வொரு வாட்டியும் எங்களயே தொரத்துது. பேஷண்டுங்க என்னத் திட்டறாங்க, ஒரே பேஜாரா இருக்குது."

ஒரு வாரம் அத்தைக்கு ஒரு முறைதான் கிடைத்தது. கால் வீங்கி, மூச்சு முட்டி, முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே காப்பாற்றிக் கொடுத்தார்கள். வராந்தாவில் நின்று உங்களைத் திட்டினேன், மாமா. சாமியை வேண்டிக்கொள்ள வேண்டிய நேரத்தில் உங்களைத்தான் திட்டினேன். சேமிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றால், ஒரு நோட்டில் கையாலேயே எழுதி வைத்திருந்தாலும் போதுமே, நீங்கள் எதற்கு, நான் எதற்கு?

வந்த ஆத்திரத்தில் பூட்டைப் போட்டேன். அடுத்த சனிக்கிழமை என்ன நடந்தது தெரியுமா? விழுப்புரம் கவுண்டர்க்காரர் தனக்கு வேண்டிய நோயாளிகளுக்காக எல்லா நேரங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து வைத்துவிட்டு இட்லி சாப்பிடப் போய்விட்டார். திண்டிவனத்தில் ஒன்றையும் தொட முடியவில்லை. நீங்கள் சொன்ன அதே துண்டு! நான் போனில் கத்திய கத்தலில் பாதி இட்லியோடு ஓடி வந்து மூடினார். மேலே உட்கார்ந்து சிரித்திருப்பீர்கள். நன்றாகச் சிரியுங்கள்.

இப்போது மாற்றிவிட்டேன். ஒரு கவுண்டர் ஒரு சமயத்தில் ஒரு நேரத்தைத்தான் பூட்டலாம். சில நிமிடங்களில் எழுதி முடிக்கவில்லை என்றாலோ, நெட் செத்துப்போனாலோ, பூட்டு தானாகத் திறந்துகொள்ளும். அப்படித் திறந்து வேறொருவருக்குப் போன பிறகு, செத்த நெட் உயிர் வந்து பழையதைச் சேமிக்கப் பார்க்குமே? அதைத் தடுக்க, சேமிக்கும்போது பார்க்கிற உங்கள் சோதனையையும் விட்டுவைத்திருக்கிறேன். உங்கள் மேல் இருக்கும் மரியாதைக்காக என்று நினைத்துவிடாதீர்கள். தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை அத்தையை நானே கவுண்டருக்குக் கூட்டிப்போனேன். கௌரி திறந்தாள், பூட்டிக்கொண்டது. நெட் வழக்கம்போலத் தவழ்ந்தது, ஆனால் யாரும் முந்தவில்லை. இரண்டு நாளும் கிடைத்துவிட்டது. அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த, ஓமந்தூரிலிருந்து வந்த ஒரு அம்மாவிடம் திரும்பினார்.

"எம்மவன் செஞ்சி வச்சிட்டுப் போனதும்மா இது. போய் சேந்தும் பெத்தவளப் பாத்துக்கினுதான் இருக்கறான்."

கௌரி என்னைப் பார்த்தாள். எனக்கு உண்மை நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"ஆமா அத்த, மாமா செஞ்சதுதான்" என்றேன்.

அத்தை இருக்கிற வரைக்கும் இதை மாற்றிச் சொல்ல மாட்டேன், இது சத்தியம். அதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இனி ஒவ்வொரு முறையும் நீங்கள் கூட்டிப்போக வேண்டிய உங்கள் அம்மாவை நான்தான் விழுப்புரத்துக்குக் கூட்டிப்போவேன். வண்டியில் அவர் உங்கள் பெருமையைப் பேசிக்கொண்டே வருவார். நான் 'உம்' கொட்டிக்கொண்டே, மனசுக்குள் உங்களைத் திட்டிக்கொண்டே ஓட்டுவேன்.

இன்னும் கோபம் தீராத,
உங்கள் மச்சான்
பூபாலன்