இண்டியம் வைத்த மாலை

மார்ச் 4
பாப்பா இப்போதுதான் கண் அசந்தாள். ஒன்றரை வயதில் இவ்வளவு பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று இவர் கேட்கிறார், என்னைப் பார்த்துக்கொண்டே.

மாதக் கடைசியோடு என் ஆய்வுப் பணி முடிகிறது. "ஒரே ஒரு முடிவு காட்டும்மா, ஒரு வருஷம் நீட்டிக்கச் சொல்லி நானே எழுதறேன்" என்றார் பேராசிரியர். நான்கு ஆக்சைடு படிகங்களைக் குளிர்வித்துப் பார்த்தாயிற்று. மின்தடை அடியோடு மறைய வேண்டும்; அதுதான் மீகடத்தல். எதிலும் மறையவில்லை.

மார்ச் 8
ஐந்தரைக்கே கிளம்பினேன், பல் டாக்டர் என்று சொல்லி. "இதோட மூணு தடவை. வாயில எத்தனை பல்லும்மா வச்சிருக்க?" என்றார் சார். எல்லோரும் சிரித்தார்கள். நானும். குழந்தை இருப்பதையே சொல்லாமல் வேலையில் சேர்ந்தவள் வேறென்ன செய்வாள்? பாப்பாவின் காப்பகம் ஆறு மணிக்கு மூடிவிடும்.

மார்ச் 12
ஐந்தாவது படிகத்துக்கு, மின்தடை அளக்கக் கம்பி ஒட்ட வேண்டும். வெள்ளிப் பசை காய நான்கு மணி நேரம். மணியோ நாலரை. குளிர்விக்கத் திரவ ஹீலியம் நாளைக் காலை வருகிறது. விட்டால் அடுத்தது ஏப்ரலில்தான் — மென்மையான உலோகம்தானே என்று இண்டியத்தைக் கிள்ளி அழுத்திவிட்டேன். மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டது. ஆய்வு நோட்டில் காலையிலேயே 'வெள்ளிப் பசை' என்று எழுதியிருந்தேன். திருத்தவில்லை. ஓடினேன்.

மார்ச் 14
விழுந்தது! 3.4 கெல்வினில் மின்தடை நேராகப் பூஜ்யத்துக்கு. "மூணு வருஷமாத் தேடறேம்மா! மூணு வருஷம்!" என்றார் சார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

மார்ச் 15
3.4. இண்டியமே அந்தக் குளிரில்தான் மின்தடையை இழக்கும். படித்தவள்தானே, எப்படி மறந்தேன்?

படிகத்தை நுண்ணோக்கியில் வைத்தேன். இரண்டு கம்பிகளுக்கு நடுவே இண்டியம் மெல்லிசாக இழுபட்டிருக்கிறது. மின்சாரம் அந்தக் குறுக்கு வழியில் போயிருக்கிறது. படிகம் பாவம், ஒன்றும் செய்யவில்லை.

யாருக்கும் தெரியாது.

மார்ச் 18
நீட்டிப்புக் கடிதம் போய்விட்டது. புதன்கிழமை கூட்டத்தில் சார் அறிவிக்கப் போகிறாராம். இவரிடம் சொன்னேன்.

"கையெழுத்தாகி வரட்டும், அப்புறமா சொல்லிக்கலாம்."

"அதுக்குள்ள அவர் ஊருக்கே சொல்லிடுவாருங்க."

"அப்ப இப்பவே சொல்லிட்டு வீட்ல உக்காரு."

கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் வலித்தது. சொன்னால் வீடு. சொல்லாவிட்டால் தினமும் அந்த அறை, மின்தடை விழுந்த அந்த வரைபடம், சாருடைய சந்தோஷம். எந்தப் பக்கம்தான் திரும்புவேன்?

மார்ச் 19
சொல்லிவிட்டேன். சார் படிகத்தை நுண்ணோக்கியில் தானே பார்த்தார்.

"பசையே வச்சிருக்கலாமே?"

"காயறதுக்குள்ள காப்பகம் மூடிடும் சார்."

"என்ன காப்பகம்?"

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கா சார்."

"அப்ப அந்தப் பல்லு?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. கடிதத்தைத் திரும்பப் பெறப் போவதாகச் சொன்னார். நோட்டில் பழைய வரியை அடித்து, இன்றைய தேதி போட்டு 'இண்டியம்' என்று எழுதினேன்.

ஏப்ரல் 9
ஒரு வருடம் கிடைக்கவில்லை. சார் உண்மையைச் சொல்லி மறுபடி எழுதியதில் மூன்று மாதம் கிடைத்திருக்கிறது.

காலை எட்டு மணிக்குப் போனால் சாரே அதே படிகத்துக்கு வெள்ளிப் பசை வைத்துக்கொண்டிருக்கிறார், கோணல்மாணலாக. "சிரிக்காதம்மா. இந்தா, நீயே வை. இப்ப வச்சா மத்தியானமே காஞ்சிடும்."

ஏப்ரல் 11
0.3 கெல்வின் வரை இறக்கினோம். கருவி அதற்குக் கீழே போகாது. மின்தடை மறையவே இல்லை. 'மீகடத்தல் இல்லை' என்று நோட்டில் எழுதினேன். சார் பேனாவை வாங்கி, அதன் கீழே தானும் கையெழுத்துப் போட்டார்.