ஒருவன் ரா, ஒருவர் பட்டிங்

ஆவணி, வெள்ளி இரவு. ஆம்பூர்.

தோல் பதனிடும் ஷாப்பின் குமாஸ்தா வேலை என் மாணவன் தேவதாஸுக்கு இல்லை. மேனேஜரே என்னிடம் சொன்னார்: "பையன் ரொம்ப ரா." பக்குவம் போதாதாம். வேலை காஷியரின் மருமகனுக்காம். "அவர் பட்டிங்." அதாவது அரும்பு விடுகிறாராம். இருவருமே நேற்றுப் பள்ளி முடித்தவர்கள். ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. ஆனால் தேவதாஸின் அப்பா அதே ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நிற்பவர்.

தேவதாஸிடம் சொன்னேன். சிரித்தான்.

"ரான்னா இன்னான்னு எனக்குத் தெரியாதா, சார்? பச்சைத் தோலு. அதைக்கூட உள்ள எடுத்துப் போய் ஊற வெச்சுப் பதம் பண்றாங்க. என்னை வாசலோட அனுப்பிட்டாங்களே."

இதை நான் எழுதிக் கொடுத்தாலும் பத்திரிகையில் போடமாட்டார்கள்.

திங்கட்கிழமை முதலாளி மதராஸிலிருந்து வந்து வேலை உத்தரவில் கையெழுத்திடுவார். அதுவரை அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.