கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தம்பியும் சுகம், தம்பியும் சுகம் என்று இந்தத் தடவைதான் பொய் கலக்காமல் எழுத முடிகிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதமே. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்தது, குறைந்ததும் மாடியேறித் துணி காயப்போட ஆரம்பித்துவிட்டாள், சொன்னால் கேட்பவளா. நம் மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டம் பரவாயில்லை.

தம்பி இனி ஆம்புலன்ஸ் ஓட்டமாட்டேன் என்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்தது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் வண்டியிலேயே ஒரு பெரியவர் இறந்துவிட்டார், எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மூன்று வாரம் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் வேறு ஆள் போடுவோம் என்று ஆபீசிலிருந்து சொல்லிவிட்டார்கள். வேலை போனால் போகட்டும், பிள்ளை கையைவிட்டுப் போய்விடுவானோ என்றுதான் எனக்குப் பயம். போய்ப் போய்ச் சாப்பிட்டியா, தூங்கினியா, உன் மேல தப்பில்லதானே என்று கேட்பேன், அவன் ம் என்பான். அப்போதுதான் நீ போனில் என்னைப் பிடித்துக்கொண்டாய், "அப்பா, நீங்க அவனுக்கும் கண் டெஸ்ட் பண்றீங்க, இதுவா அதுவான்னு கேட்டா அவன் என்னத்தச் சொல்லுவான், என்ன நடந்துச்சுன்னு கேளுங்க, கேட்டுட்டுச் சும்மா இருங்க" என்றாய். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முப்பது வருஷம் கேள்வி கேட்டே பிழைத்தவனுக்குக் கேள்வி கேட்கத் தெரியாதா என்று அம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். அவள் "தெரியாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

சரி என்று மறுநாள் காலை அவன் கட்டிலருகே போய், "மனசு எப்படிடா இருக்கு?" என்றேன். நன்றாகத்தான் ஆரம்பித்தேன். அவன் வாயைத் திறக்குமுன் என் வாய், "நேத்தைக்கு இன்னைக்குத் தேவலையா, இல்ல அப்படியேதானா?" என்று கண் டெஸ்ட் மாதிரியே கண்ணாடியை மாற்றிப் போட்டுவிட்டது. பழக்கதோஷம். அவன் "அப்படியேதான்" என்று திரும்பிப் படுத்தான், கதவருகே நின்ற அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் அம்மா அவனிடம் எனக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பினாள். கடையில் ஆளில்லை, அவன் டெஸ்ட் நாற்காலியில் உட்கார்ந்தான். "அன்னைக்கு வண்டில என்னடா நடந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, வாய் மறுபடி ஓடிவிடுமோ என்ற பயத்தில் கையிலிருந்த, கண்ணாடிச் சட்டம் முடுக்கும் சின்னத் திருப்புளியைப் பல்லில் கடித்துக்கொண்டேன். அவன் சாப்பாட்டுத் தூக்கின் மூடியைத் திறந்து திறந்து மூடினான். பிறகு சொன்னான், "அந்த ஐயா பின்னாலேருந்து வந்தாச்சா தம்பின்னு கேட்டுக்கிட்டே இருந்தாருப்பா, ரயில்வே கேட்டு மூடிக் கிடந்துச்சு, நான் இதோ வந்துட்டோம் ஐயான்னு நாலு தடவை சொன்னேன், பாதி தூரம்கூடப் போகல, அவரு கடைசியா கேட்டது என் பொய்யைத்தான்" என்றான். மூன்று வாரமாக நான் தப்பில்லை தப்பில்லை என்று சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை பார். சமாதானம் சொல்ல வந்த வாயை அடக்கிக்கொண்டு, "நீ சொன்னப்போ அவரு என்ன சொன்னாரு?" என்று மட்டும் கேட்டேன். யோசித்தான். "ஒவ்வொரு தடவையும் சரிப்பா, சரிப்பான்னாரு" என்றான். சொல்லிவிட்டு அழுதான், நானும் அழுதேன். பிறகு என் சாப்பாட்டில் பாதியை அவனே சாப்பிட்டான். சனிக்கிழமை தானாகப் போய்ச் சாவியை வாங்கிக்கொண்டான். இன்னும் சில நேரம் பேசாமல்தான் இருக்கிறான், ஆனால் எங்களோடு உட்கார்ந்து பேசாமல் இருக்கிறான்.

பிள்ளையை எங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது நீதான். பெற்ற மகளுக்கு நன்றி சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். கண் டெஸ்ட் செய்து ஒரு வருஷம் ஆகிவிட்டது, தள்ளிப்போடாதே.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். நீ வேலைக்காக வெளியூர் போன முதல் வருஷம், வேலை பிடிச்சிருக்கா, உடம்பு நல்லாருக்கா என்று கேட்பேன், ஆமாப்பா ஆமாப்பா என்பாய், நானும் நிம்மதியாகப் போனை வைத்துவிடுவேன். கஷ்டப்பட்டாயா என்று எழுத வந்து கையை நிறுத்திக்கொண்டேன். அந்த வருஷம் உனக்கு எப்படி இருந்ததம்மா?

வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும்,
அப்பா