எலிக் கட்டு: நூறு ஆட்டச் சோதனை

மார்ச் 4, திங்கள்

காலை 8.35. டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், குடை. வழக்கம்போல் கிளம்பினேன். வழக்கம்போல் ஆபீசுக்குப் போகவில்லை.

பம்ப் கம்பெனியில் எங்கள் சோதனைப் பிரிவை மூடிப் பதினேழு நாள் ஆகிறது. ஏழு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, ஆளுக்கு இரண்டு பிஸ்கட் கொடுத்துச் செய்தியைச் சொன்னார்கள். மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் வாஷர், எங்கே போட்டாலும் பொருந்திக்கொள்வார். "உங்க அனுபவத்துக்கு நாளைக்கே கூப்பிடுவாங்க சார்" என்றார். அந்த நாளை இன்னும் விடியவில்லை. மூன்று மாதச் சம்பளம் மட்டும் வழக்கமான தேதியில் வந்துவிடும். அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. வீட்டில் யாருக்கும் என்றால் மனைவிக்கு. நாங்கள் இரண்டே பேர்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். கதவைத் திறந்தபோது அவள் பக்கெட் வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். க்ளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை, நாள் முழுக்க நிற்க வேண்டும். சரி, நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன்.

இப்போது என் ஆபீஸ் நூலகத்தின் இரண்டாம் மாடி. வாசிப்பறை, ஜன்னலோர மேசை. வேலை தேடும் நேரம் போக மீதி நேரத்தில் போனில் சீட்டாட்டம். பணம் வைத்து ஆடுவதல்ல. அவரவர் சேர்த்த சீட்டுகளில் முப்பதை எடுத்து ஒரு கட்டாக்கி, முன்பின் தெரியாத ஒருவரோடு ஆன்லைனில் மோத வேண்டும். காசு கொடுத்துப் பாக்கெட் வாங்குகிறவர்களிடம் டிராகன், பேரரசன் எல்லாம் இருக்கும். நான் மூன்று வருடத்தில் ஒரு பாக்கெட்கூட வாங்கியதில்லை. புதிய ஆளை அறிமுகப்படுத்தினால் ஒரு பாக்கெட் இலவசம் என்று சொன்னபோது, மனைவியின் போனில் அவள் பெயரில் ஒரு கணக்குத் திறந்து அதை வாங்கினேன். அவள் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

ஆட்டக்காரர்களின் மன்றத்தில் இன்று ஒருவன் எழுதியிருந்தான்: வெறும் எலிச் சீட்டுகளை வைத்து, எல்லாருக்கும் சும்மா கிடைக்கிற முப்பது சீட்டில் ஒரு கட்டுப் போட்டால் பாதி ஆட்டம் ஜெயிக்கலாமாம். சரியான புளுகு. ஆனால் புளுகு என்று நிரூபிக்க ஒரு ஆள் வேண்டுமே. இருபத்திரண்டு வருடம் பம்ப் சோதித்தவன் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறான்.

மார்ச் 5, செவ்வாய்

சோதனை விதிகள், பம்ப் பிரிவில் இருந்தபடியே:

நூறு ஆட்டம். ஐம்பது ஜெயித்தால் கட்டு தேறியது. எதிரே யார் வந்தாலும் ஆட வேண்டும், ஆள் பார்த்து ஒதுங்கக் கூடாது. நடுவில் ஒரு பாகத்தை மாற்றினாலும் பழைய கணக்கு செல்லாது, மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். இந்தக் கடைசி விதியைப் போட்டவன் நான். ஒரே ஒரு நட்டை மாற்றிவிட்டு எண்பதாவதிலிருந்து தொடரலாமா என்று கேட்ட புதுப் பையன்களை எத்தனை பேரை விரட்டியிருப்பேன்!

கூடவே ஒரு முடிவு. நூறாவது ஆட்டம் முடிந்த அன்று மாலை அவளிடம் சொல்லிவிடுவது. எழுதிவைத்துவிட்டேன். இனி பின்வாங்க முடியாது.

மார்ச் 7, வியாழன்

22 ஆட்டம். 13 வெற்றி. எலிகள் சிறியவை, ஆனால் கூட்டமாக வருகின்றன. ஒருவனுடைய டிராகனை நான்கே முறையில் தின்றுவிட்டன. அவன் பாதியிலேயே ஓடிவிட்டான்.

சாயங்காலம் அவள் ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினாள். வாரத்தில் நான்கு நாள் அவளுக்கு மாலை ஷிப்டும் உண்டு, வீடு வர ஒன்பதாகும். குதிகால் வலி தாங்கவில்லை, மாலை ஷிப்டை விட்டுவிடுகிறேன் என்று க்ளினிக்குக்குக் கடிதம் எழுதிவிட்டாள். பதினைந்தாம் தேதி கொடுக்கப் போகிறாள். கொடுத்துவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிடுவார்கள், திரும்பக் கேட்க முடியாது.

"உங்க சம்பளம் இருக்கே, சமாளிச்சுக்கலாம்ல?"

"தாராளமா" என்றேன்.

தாராளமா! சமாளிக்கலாம் என்றுகூட இல்லை, தாராளமாவாம். அவள் எவ்வளவு நிம்மதியாகச் சிரித்தாள் என்பதை எழுதக் கை வரவில்லை.

மார்ச் 8, வெள்ளி

இன்று 10 ஆட்டம், 3 வெற்றி. எலிகளைக் குற்றம் சொல்ல முடியாது.

மார்ச் 11, திங்கள்

இதுவரை மொத்தம் 41 ஆட்டம், 20 வெற்றி. வேகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தினமும் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஆடினால் பதினைந்தாம் தேதிக்கு முன்பே நூறு முடிந்துவிடும். மத்தியானம் கட்டை அலசிப் பார்த்தபோது ‘கிடங்கு எலி’ சரியாக வேலை செய்யவில்லை என்று பட்டது. அதை எடுத்துவிட்டுச் ‘சாக்கடை எலி’யைப் போட்டேன். பாகம் மாறிவிட்டது. விதி விதிதான். மறுபடி ஒன்றிலிருந்து.

தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா?

மார்ச் 12, செவ்வாய்

நூலகர் அம்மா மேசைக்கே வந்துவிட்டார். நான் நோட்டில் கட்டம் போட்டுக் குறிப்பதை ஒரு வாரமாகப் பார்த்திருக்கிறார்.

"என்ன சார், ஆராய்ச்சி பண்றீங்களா?"

"ஆமா மேடம். ஒரு நம்பகத்தன்மைச் சோதனை."

"எதோட நம்பகத்தன்மை?"

"விலை குறைவான... ஒரு அமைப்போட."

மூன்று மணிக்குள் என் மேசையில் ஒரு அட்டை வந்து நின்றது: ‘ஆய்வாளருக்கு மட்டும்’. பம்ப் கம்பெனியில் இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு நாற்காலியில்கூடப் பேர் எழுதியதில்லை.

மார்ச் 13, புதன்

காலையில் பையில் அவளுடைய பவர் பேங்க் இருந்தது. "ஆபீஸ்ல சார்ஜ் போட வசதி இல்லன்னா வச்சுக்குங்க" என்றாள். ஆபீசில் சார்ஜ் போட வசதி இல்லாமலா போகும்? ஆனால் நான் எதுவும் கேட்கவில்லை. சும்மா கிடைத்ததைக் குடைந்து பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. வாசிப்பறையில் இருக்கிற ஒரே ப்ளக்குக்கு மூன்று பேர் போட்டி, ரொம்ப உதவியாக இருந்தது.

மார்ச் 15, வெள்ளி

இன்று கடிதம் கொடுக்கும் நாள். ஐந்து ஆட்டத்துக்கு மேல் ஆட முடியவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது பட்டும் படாமல் கேட்டேன்.

"லெட்டரைக் குடுத்துட்டியா?"

"மேனேஜர் லீவு. அடுத்த வாரம் பாப்போம்."

அந்த மேனேஜர் நன்றாக இருக்க வேண்டும்.

மார்ச் 19, செவ்வாய்

58 ஆட்டம். 31 வெற்றி. கட்டு தேறிவிடும் போலிருக்கிறது. அந்தப் புளுகன் சொன்னது புளுகில்லை.

நான்கு மணிக்கு ஒரு ‘தெரு எலி’யை மாற்றினேன்.

ஏன் மாற்றினேன்? அது நன்றாகத்தான் ஆடியது. டேய், யாரை ஏமாத்துற? நூறு வந்துடும்னு பயம். வேற என்ன? எலி மேல பழி போடாத. நாலு வார்த்தை பேச வக்கில்ல, தொழில் தர்மமாம் தொழில் தர்மம்!

மறுபடி ஒன்றிலிருந்து.

மார்ச் 22, வெள்ளி

க்ளினிக்கில் பிரின்டர் ரிப்பேராம். கடிதத்தைத் திருத்தி எடுக்க முடியவில்லையாம். அந்த க்ளினிக்கில் எதுதான் ஒழுங்காக இருக்கிறது?

ஒன்று கவனித்தேன். இரண்டு வாரமாக அவள் தினமும் ஆபீஸ் விஷயம் கேட்கிறாள். முன்பெல்லாம் பம்ப் என்று வாயெடுத்தாலே டிவி சத்தத்தைக் கூட்டுவாள். இப்போது எதிரே வந்து உட்கார்ந்து, முகத்தையே பார்த்துக்கொண்டு, "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்கிறாள். நானும் அளந்துவிடுகிறேன். இன்று எட்டாம் நம்பர் பம்ப் ஒழுகிய கதை.

"அது திங்கக்கிழமையே ஒழுகுச்சே?"

"மறுபடி ஒழுகுது."

"அப்படியா" என்றாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேறு ஏதாவது சொல்லப்போகிறேனா என்று காத்திருந்தது போலிருந்தது. நான் தண்ணீர் குடித்தேன்.

மார்ச் 26, செவ்வாய்

84 ஆட்டம். 42 வெற்றி. பாதிக்குப் பாதி. இந்த முறை எதையும் தொடுவதில்லை.

மார்ச் 27, புதன்

நிதானமாக எழுத வேண்டும்.

மத்தியானம் மூன்று மணி. 99 ஆட்டம், 49 வெற்றி, 50 தோல்வி. இன்னும் ஒன்று. ஜெயித்தால் தேறியது, தோற்றால் இல்லை. எப்படிப் போனாலும் மாலையில் சொல்லியாக வேண்டும். என் விரல் தானாகக் கட்டைத் திறந்தது. ஒரு எலியை வெளியே இழுத்து, பாதி வழியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது தடவை.

3.10க்குத் திரையில் ஒரு அழைப்பு. ‘உங்கள் நண்பர் சும்மா_2 உங்களோடு ஆட விரும்புகிறார்.’

சும்மா_2? யார் இது? எனக்கு இந்த ஆட்டத்தில் நண்பர் என்று ஒருவரும் கிடையாதே. பட்டியலைத் திறந்தேன். ஒரே ஒரு பெயர், பக்கத்தில் பச்சைப் புள்ளி. ஆள் ஆன்லைனில் இருந்தால் எரிகிற புள்ளி. இலவசப் பாக்கெட்டுக்காக மனைவியின் போனில் நானே திறந்த கணக்கு. நானே வைத்த பேர்.

அவள் புள்ளி எனக்குத் தெரிந்தால் என் புள்ளி அவளுக்குத் தெரியாதா? காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்து வரை, பம்ப் ஒழுகிய நேரமெல்லாம், நான் பச்சையாக எரிந்துகொண்டிருந்திருக்கிறேன். ஒரு பாக்கெட்டுக்கு ஆசைப்பட்டு நானே என் வருகைப் பதிவேட்டை அவள் கையில் கொடுத்திருக்கிறேன்.

எதிரே யார் வந்தாலும் ஆட வேண்டும் என்பது விதி. எலியை அதன் இடத்தில் வைத்துவிட்டு அழைப்பை ஏற்றேன்.

இந்த ஆட்டத்தில் எதிராளியோடு பேச முடியாது. பட்டனாக இருக்கிற ஆறு வாசகத்தில் ஒன்றை அமுக்கலாம், அவ்வளவுதான். அவள் ‘வணக்கம்’ அமுக்கினாள். நானும் வணக்கம். மூன்று முறை ‘யோசிக்கிறேன்’ அமுக்கினேன். உண்மையில் எதையும் யோசிக்க முடியவில்லை. அவளிடம் இருந்தது புதியவர்களுக்குச் சும்மா தரும் கட்டு. காவல்காரன், தச்சன், ஆடு. அந்த ஆட்டுக்கு ஒரு சக்தியும் கிடையாது, நான் வைத்துக்கொள்ளவே மாட்டேன். ஆனால் எங்கே எதை வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பிறகுதான் பார்த்தேன், ஆட்டத்தின் தரவரிசையில் என்னைவிட இரண்டு படி மேலே இருக்கிறாள்.

ஒன்பதாவது முறையில் ஆடு வந்து என் கடைசி எலியை முட்டியது. ‘மன்னிக்கவும்’ அமுக்கினேன். அவள் எதையும் அமுக்கவில்லை. புள்ளி அணைந்தது.

இன்று அவளுக்கு மாலை ஷிப்ட் இல்லை. ஆறு மணிக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"நூலகத்துல வேலை போச்சு" என்று உளறினேன். "இல்ல... கம்பெனில வேலை போச்சு. போன மாசமே."

"தெரியும்."

"எப்போதிலேர்ந்து?"

"எட்டாம் தேதி. அன்னைக்கு க்ளினிக்ல கூட்டமே இல்ல. போன்ல இடம் இல்லன்னு உங்க ஆட்டத்தை அழிக்கப் போனேன். காலைல பதினொன்னு இருபதுக்கு உங்க பேர் பக்கத்துல பச்சை. ஆபீஸ்ல ஏதோ ஓய்வுன்னு நினைச்சேன். பன்னெண்டுக்கும் பச்சை. மூணுக்கும் பச்சை. கம்பெனிக்குப் போன் பண்ணேன். சொன்னாங்க."

"அப்பவே கேட்டிருக்கலாமே..."

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன். தினமும் எதிர்ல வந்து உக்காந்தேனே! வேலை போனதுக்குக் கோவம் இல்ல. அந்த எட்டாம் நம்பர் பம்ப்புக்குத்தான் கோவம்."

அழுதாள். எனக்கு அவமானமாக இருந்தது. இதை வேறு எப்படியும் பூசி மெழுக முடியாது. கடிதம் அவள் பையிலேயே, மடித்தபடி இருக்கிறது. மேனேஜர் லீவும் இல்லை, பிரின்டர் ரிப்பேரும் இல்லை. அந்தக் காலோடு மாலை ஷிப்டுக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறாள்.

பக்கெட்டில் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மார்ச் 28, வியாழன்

மன்றத்தில் அறிக்கை போட்டேன்: 100 ஆட்டம், 49 வெற்றி, தேறவில்லை. மேசையைக் காலி செய்தபோது நூலகர் அம்மா கேட்டார்.

"ஆய்வு முடிஞ்சுதா சார்?"

"முடிஞ்சுது மேடம். தோல்வி."

"அதுவும் ஒரு முடிவுதானே" என்றார். அட்டையை எடுக்கச் சொன்னேன், இருக்கட்டும் என்றுவிட்டார்.

ஏப்ரல் 3, புதன்

நான்கு இடத்தில் விண்ணப்பம். ஒருவர், இத்தனை வயதா என்று என்னிடமே கேட்டார். பம்ப் ரிப்பேர் கடை ஒன்றில் அரை நாள் வேலை, அடுத்த திங்கள் முதல் மத்தியானத்தில் வரச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அவளிடம் சொன்னேன். "உண்மையாவா?" என்று கேட்டாள். கேட்பாள்தானே.

ஏப்ரல் 9, செவ்வாய்

காலையில் டிபன் பாக்ஸ் நான் கட்டினேன், அவள் எடுத்துக்கொண்டு போனாள். பாத்திரம் கழுவி, துணி காயப்போட்டு, கடைக்குக் கிளம்பும் முன் போனைத் திறந்தால் சும்மா_2 பக்கத்தில் பச்சைப் புள்ளி.

மணி 11.20. அவளுக்கு டீ நேரம் மூன்று பத்து. காலையில் எக்ஸ்ரே அறை வாசலில் ஆள் வரிசையாக நிற்கும், தண்ணீர் குடிக்கக்கூட விட மாட்டார்கள். இந்த நேரத்தில் எப்படி? அவளையும் அனுப்பிவிட்டார்களா? எங்கே உட்கார்ந்திருக்கிறாள்? எந்த நூலகத்தில்? போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். நான்காவது தடவை எடுத்தாள்.

"எங்க இருக்க?"

"க்ளினிக்லதான். மெஷின் ரிப்பேர், ஆள் வந்து பாத்துட்டு இருக்காரு. சும்மா உக்காந்திருக்கேன். என்ன, பயந்துட்டீங்களா?"

"ஆமா" என்றேன்.

அவள் சொன்னாள்:

"நான் பத்தொன்பது நாள் அப்படி இருந்தேன்."

அழைப்பு வந்தது. ஆடினேன். ஆட்டை வைத்தே ஜெயித்துவிட்டாள்.