பெயரைச் சொல்லாத காரணத்தால் மூடப்படவிருக்கும் எருக்கம்பள்ளம் மாலை வகுப்பு

அனுப்புநர்:
மா. தீர்த்தம்மாள் (வயது 67),
கணவர் பெயர்: மாதேஸ்வரன் (காலமாகிவிட்டார்),
எருக்கம்பள்ளம், பாப்பாரப்பட்டி அஞ்சல்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தருமபுரி.

பொருள்: எங்கள் ஊர் முதியோர் எழுத்தறிவு வகுப்பில் ஒருவருக்கும் படிக்கத் தெரியவில்லை என்று ஆய்வுக் குழு எழுதியது தவறு என்பதும், இம்மாதக் கடைசியில் வகுப்பை மூடாமல் தடுத்து, மறுபடியும் சோதிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதும் பற்றி.

மதிப்புக்குரிய ஐயா, வணக்கம்.

1. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எந்த ஆபீசிலும் இதுவரை கைநாட்டு வைத்ததில்லை. இந்த மனுவையும் நானே எழுதுகிறேன். வரி கோணலாகப் போயிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இடது கண் முழுசாகப் போய்விட்டது. வலது கண்ணிலும் நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது, போன பார்வை திரும்பாது, மிச்சம் இருப்பது இந்த வருடம் தாண்டுவதே சந்தேகம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

2. என் பேத்தி பூவிழி ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். கெட்டிக்காரி. இதை நான் சொல்லவில்லை, அவள் டீச்சர் சொன்னது. அவளுக்கு வலிப்பு நோய் இருக்கிறது. மாத்திரைகளைத் தனித்தனிக் காகிதக் கவரில் போட்டு, மேலே "காலை ஒன்று", "இரவு அரை", "காய்ச்சல் வந்தால் மட்டும்" என்று நர்ஸ் அம்மா தமிழில் எழுதிக் கொடுப்பார். மாசத்துக்கு மாசம் அளவு மாறும். கவரைப் படித்துக் கொடுக்கிறவள் நான்தான். என் மகன் சின்னராஜ் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவன், மாசத்துக்கு ஒரு தரம் வருவான். மருமகள் அமுதவல்லி சிறு பிள்ளையிலேயே தாய் தகப்பனோடு கல் மண் சுமக்கப் போனவள். பள்ளிக்கூடமே பார்த்ததில்லை.

3. போன ஆடியில் நான் கண்ணுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அமுதவல்லி கவர் மாற்றிக் கொடுத்துவிட்டாள். பிள்ளை எழுப்பினால் எழவில்லை. ஆம்புலன்ஸில் போட்டுத் தருமபுரிக்குக் கொண்டுபோய், கடவுள் புண்ணியத்தில் பிழைத்தது. அதன் பிறகுதான் அமுதவல்லி மாலை வகுப்பில் சேர்ந்தாள். ஐந்தாவது படித்த நீயே சொல்லிக் கொடுக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். கொடுத்துப் பார்த்தேன் ஐயா. "க" எழுத உட்கார்ந்தால் கழுவாத சட்டியில் போய் முடிகிறது. மாமியார் மருமகளுக்குள் அது ஆகாது. வகுப்பு எடுக்கும் யுவராணி எங்கள் ஊர்ப் பெண், இன்னும் கல்யாணம் ஆகாதவள், பி.ஏ. முடித்தவள். அவள் சொன்னால் அமுதவல்லி கேட்டுக்கொள்கிறாள்.

4. இந்த வகுப்பை ஒரு தொண்டு நிறுவனம் நடத்துகிறது. முதியோர் கல்வியால் பலன் உண்டா என்று ஆராய்ச்சி செய்ய மார்கழி மாசம் சென்னையிலிருந்து ஒரு குழுவை அனுப்பினார்கள். மரியாதையான பிள்ளைகள், குறை சொல்ல மாட்டேன். யுவராணி எடுத்துக் கொடுத்துவிடுவாள் என்று அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, படம் போட்ட ஓர் அட்டையைக் கொடுத்துப் பெண்களை ஒவ்வொருவராகச் சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். இந்தப் பக்கத்தில் பழகிய பெயராக இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார்கள்: "மாதேஸ்வரன் சந்தைக்குப் போனான். மாதேஸ்வரன் ஆடு வாங்கினான். மாதேஸ்வரன் வீட்டுக்கு வந்தான்."

5. ஐயா, மாதேஸ்வரன் எங்கள் குலசாமி. எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் ஒருவருக்காவது அந்தப் பெயர் இருக்கும். ஒருத்திக்குப் புருஷன், ஒருத்திக்கு மாமனார், ஒருத்திக்குப் புருஷனின் அண்ணன். எங்கள் பெண்கள் அந்தப் பெயரை வாயால் சொல்வதில்லை. எழுதத் தடை இல்லை, மேலே நானே எழுதியிருக்கிறேன். ஆனால் என் வீட்டுக்காரர் போய் இத்தனை வருடம் ஆகியும் என் வாயில் வந்ததில்லை. ஆதார் எடுக்க வந்தவர்கள் கேட்டபோதும் பக்கத்தில் நின்ற கல்யாணம் ஆகாத பெண்தான் சொன்னாள். அதுவும் "போனான், வந்தான்" என்று வேறு சொல்ல வேண்டுமாம்.

6. அட்டையை வாங்கிய பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள், தலையைக் குனிந்தார்கள். காரணத்தைச் சொல்லவும் கூச்சம். பக்கத்து வீட்டு வெண்மதி மட்டும் துணிந்து, "எங்க வூட்டுக்காரரு சந்தைக்குப் போனாருங்க, ஆடு வாங்கினாருங்க" என்று கடைசி வரி வரை படித்திருக்கிறாள். படத்தைப் பார்த்துத் தானாகச் சொல்கிறாள் என்று அவளுக்கும் தெரியாது என்றே போட்டுவிட்டார்கள். அமுதவல்லி வீட்டுக்கு வந்து அழுதாள். "தெரியாமயா அத்தே இருந்தேன்? மாமா பேர எப்படிங்க சொல்றது?" என்றாள்.

7. இப்போது பலன் இல்லாத வகுப்பு என்று மூடுகிறார்கள். யுவராணி நடந்ததை அந்த நிறுவனத்துக்கு எழுதிப் போட்டதற்கு, ஆய்வு முடிந்துவிட்டது, மாற்ற முடியாது என்று பதில் வந்தது. இதற்கு மேல் எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியாமல்தான் தங்களிடம் வருகிறேன். அமுதவல்லி படிக்கிறாள் ஐயா. விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். ஆனால் சில நாள் இன்னும் "அரை" என்பதை "ஆறு" என்று படிக்கிறாள். பக்கத்தில் இருந்து நான் திருத்துகிறேன். என் கண் இருக்கும்வரை திருத்துவேன்.

8. ஆகவே, வகுப்பை மூடுவதைத் தாங்கள் நிறுத்திவைக்க வேண்டும். எங்கள் பெண்களிடம் வேறு ஏதாவது பெயர் போட்ட அட்டையைக் கொடுத்து மறுபடி படிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். அதையும் படிக்கவில்லை என்றால் மூடிக்கொள்ளட்டும், நான் தடுக்க வரமாட்டேன்.

9. இதற்குப் பதில் அனுப்பினால் என் பெயருக்கு வேண்டாம், சி. அமுதவல்லி என்று அவள் பெயருக்கே அனுப்புங்கள். எழுத்து பெரிதாக இருந்தால் நல்லது. அவளால் முடியாமல் போனால் கடிதத்தைத் தெருவில் போகிற யாரிடமாவது நீட்டிப் படிக்கச் சொல்லிவிடலாம். பிள்ளைக்கு இழுக்கும் நேரத்தில் மாத்திரைக் கவரை யாரிடம் கொண்டுபோய் நீட்டுவாள்? அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் இல்லை ஐயா. தயவு செய்யுங்கள்.

இடம்: எருக்கம்பள்ளம்
நாள்: 9.2.2026

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
மா. தீர்த்தம்மாள்