பதில் சொல்லாவிட்டால் ‘வேண்டாம்’ என்று அர்த்தமாம்

அன்புக்கும் சண்டைக்கும் உரிய என் ஆறுமுகம் மச்சானுக்கு,

பசியாறிவிட்டாயா? நீ இருக்கும் இடத்தில் ரொட்டி சானாய் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. நான் பசியாறிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல வேறு யாரும் எழுதவில்லை. என் கை, என் பேனா. நம்ப மாட்டாய். அதனால்தான் உன் பெயரை இவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறேன், பார்.

நீ இருந்தவரை எனக்கு எழுத்து எதற்கு? பேப்பரை நீ விரித்து வைத்துப் படிப்பாய், நான் கேட்பேன். நீ போன பிறகு பேப்பர் வெறும் தாளாகிவிட்டது. கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். இப்போது பேப்பரை நானே படிக்கிறேன், மச்சான். நீ எவ்வளவு புளுகியிருக்கிறாய் என்றும் தெரிந்துவிட்டது. சமையல் எண்ணெய் விலை இறங்கிவிட்டது என்று ஒருநாள் படித்தாய். அதை நம்பி நான் பிரிஞ்சாங் கடையில் போய்ச் சண்டை போட்டேன். பேப்பரில் அப்படி எதுவுமே இருந்திருக்காது. இருக்கட்டும். அது வேறு கணக்கு.

நான் எழுத வந்தது உன் மகளைப் பற்றி. உன் மகள், என் மருமகள், கோமதி. அவள் மேல் ஒரு புகார். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

நம் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் மலைச்சரிவு உனக்கு நினைவிருக்கும். அந்த மழை மத்தியானத்தில் கால்வாயில் தண்ணீர் சிவப்பாக வருவதை நீதான் முதலில் பார்த்தாய். தகர டின்னைத் தட்டிக்கொண்டு, “சட்டி பானைய விடு! கோயிலுக்கு ஏறு! கோயிலுக்கு ஏறு!” என்று கத்திக்கொண்டே ஓடினாய். எல்லாரும் மேட்டில் ஏறி நின்று பார்த்தோம். கடைசி வீட்டு அடுப்படி மண்ணோடு போயிற்று. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போது உன் வேலைக்கு ஒரு பெட்டி வந்திருக்கிறது. சரிவில் ஒரு குழாயை இறக்கியிருக்கிறார்கள். மண் எவ்வளவு ஈரம், நகர்கிறதா என்று அது பார்க்கும். ஆபத்து என்றால் சங்கு ஊதும். காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குக் கூடும் இடத்தில் ஒரு பலகை இருக்கிறது. அதில் சிவப்பு வெளிச்சத்தில் எழுத்து ஓடும். முதல் வரி மலாய், இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது தமிழ் என்றார்கள்.

தமிழ் என்ற சொல்லைக் கேட்டதும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன், மச்சான். எழுத்துப் படித்த பிறகு என் வீட்டு வாசலுக்கே வந்த முதல் பலகை. மூன்றாவது வரியைப் பார்த்தேன். வரி முழுக்கக் கேள்விக்குறி. ஒன்றல்ல, இரண்டல்ல, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கேள்விக்குறி.

கேள்விக்குறியை நான் அப்போதுதான் படித்து முடித்திருந்தேன். ஏதோ கேட்கிறது என்று நினைத்தேன். என்ன கேள்வி என்றுதான் எழுதவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “என்னா வேணும் ஒனக்கு?” என்று நானும் கேட்டேன். பக்கத்து வீட்டில் இருக்கும் பங்களாதேஷ்காரப் பையன் கபீர் அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் சிரித்தான்.

வீட்டுக்கு வந்து கோமதியிடம் குதித்தேன். அவள் ஈப்போவில் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை செய்கிறாள் என்பது உனக்குத் தெரியும். அந்தப் பெட்டியைச் செய்ததும் அதே கம்பெனிதானாம்.

“எவன் செஞ்ச வேலைம்மா அது? தமிழ எழுதச் சொன்னா கொக்கி கொக்கியா போட்டு வெச்சிருக்கான்!”

அவள் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தை எடுக்காமல் சொன்னாள். “அந்தப் பெட்டிக்கு நம்ம எழுத்து தெரியல மாமா. தெரியாத எழுத்து வந்தா அது கேள்விக்குறி போட்டுரும்.”

“தெரியாதா? இத்தன வருசமா இதே மலையில இருக்கோம், நம்ம எழுத்தப் பாத்து ‘இது என்னா’ன்னு கேக்குதா? யாரு அதுக்குச் சொல்லிக் குடுக்காம விட்டது? அவன நான் பாக்கணும்!”

நான் விடவில்லை. அவன் படித்தவனா, அவனுக்குத் தாய் தகப்பன் உண்டா, அவன் வீட்டில் என்ன மொழி பேசுவார்கள் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனேன். தகப்பன் என்ற சொல் வந்ததும் அவள் திரும்பினாள்.

“நான்தான் மாமா” என்றாள்.

உன் மகள், மச்சான். பேப்பர் படித்தே வாழ்ந்த உன் மகள்.

அன்று பத்து மணித் தேத்தண்ணியைக்கூட நான் தொடவில்லை. அவளே கோப்பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு விளங்கியதை உனக்குச் சொல்கிறேன். பிசகு இருந்தால் அவள் மேல் போடாதே, என் மேல் போடு.

சி என்று ஒரு மொழி. நம் மொழி மாதிரி பேசுவதற்கு இல்லை, இயந்திரத்துக்கு வேலை சொல்வதற்கு. எழுத்தைக் காட்டு, எண்ணைக் கூட்டு, மணி என்ன என்று பார் என்பது போன்ற அன்றாட வேலைகளை ஒவ்வொருவரும் புதிதாக எழுத வேண்டியதில்லை. ஏற்கனவே எழுதிச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அதற்கு நூலகம் என்று பெயர். புத்தகம் இல்லாத நூலகம்! பெரிய கம்ப்யூட்டர் என்றால் நூலகம் முழுவதையும் உள்ளே வைக்கலாம். சின்னப் பெட்டியில் இடம் இல்லை. அந்தப் பெட்டிக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று பார்த்து, அதற்கென்று ஒரு நூலகத்தைக் கட்டிக் கொடுக்க வேண்டும். அதுதான் அவள் வேலை.

“கூடையத் தூக்கிட்டு மல ஏறுறப்போ வீட்டு அலமாரியையா மாமா தூக்கிட்டுப் போவீங்க?” என்று கேட்டாள்.

“அலமாரி வேணாம். மேல போத்திக்கிற மழைத்தாள வெச்சிட்டுப் போவனா?” என்றேன்.

அந்த நூலகம் அவளைக் கேள்வி கேட்குமாம். திரை நிறையக் கேள்விகள். இது வேண்டுமா, அது வேண்டுமா? ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு இடம் போதும், நம் எழுத்துக்கு மூன்று இடம் வேண்டும். அப்படி அகலமான எழுத்துகளை அறியும் வேலை வேண்டுமா என்றும் ஒரு கேள்வி. அவள் அதற்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

“அப்ப அது ஆபீஸ் பம்புக்குச் செஞ்சது மாமா. தண்ணி பம்பு ஓடுதா நிக்குதான்னு மட்டும் பாக்குற பெட்டி. திரையே கெடையாது. எழுத்து எதுக்குன்னு தாண்டிப் போய்ட்டேன். அப்பறம் அதே நூலகத்த எடுத்து இந்தப் பெட்டியில போட்டுட்டாங்க. நானும் திரும்பிப் பாக்கல.”

“பதில் சொல்லலன்னா?”

“பதில் சொல்லலன்னா வேண்டாம்னு எடுத்துக்கும்.”

இதைக் கேட்டதும் எனக்குத் தோட்டத்தில் கணக்கெழுதிய பழைய கிராணியின் முகம்தான் வந்தது, மச்சான். உனக்கும் வந்திருக்கும். நாம் இளவட்டமாக இருந்தபோது ஒருநாள் பெரட்டில் நின்று கேட்டார், பெரிய ஆட்களுக்கு ராத்திரிப் பள்ளிக்கூடம் வேண்டுமா என்று. தோட்டத் துரை பக்கத்தில் நிற்கிறார். யாருக்கு வாய் வரும்? நீ மட்டும் “வேணும்” என்றாய். “ஒனக்குத்தான் படிக்கத் தெரியுமே, நீ ஏன் பேசற?” என்று உன்னை அடக்கினார். மற்றவர்கள் தரையைப் பார்த்தோம். ‘தொழிலாளர்களுக்கு விருப்பம் இல்லை’ என்று எழுதிக்கொண்டு போனார். வாய் திறக்காதவனுக்கு விருப்பம் இல்லை என்று யார் சட்டம் போட்டது? மனிதன் போட்ட அந்தச் சட்டத்தை இயந்திரத்துக்கும் ஏன் சொல்லிக் கொடுத்தார்கள்?

“இப்ப நான் சொல்றேன், வேணும். எழுதிக்க!” என்றேன்.

“ஒரு எழுத்த மாத்துறதில்ல மாமா. அடியில இருக்கிற நூலகத்த மாத்தினா, அதுக்கு மேல நிக்கிற எல்லாத்தையும் திரும்பக் கட்டணும். சங்கு ஊதுறது கெட்டுப் போச்சுன்னா என்னா பண்றது?”

அது நியாயம்தான். ஆனால் ஐப்பசி மழை வர அதிக நாள் இல்லை. அவள் முதலாளிக்குப் போன் போட்டாள், நானும் கேட்கும்படி சத்தமாக வைத்து. முதலாளி தமிழன்தான், மச்சான்!

“அங்க எல்லாருக்கும் மலாய் தெரியும்லா கோமதி. மழை முடியட்டும், அடுத்த வருசம் பாத்துக்கலாம்” என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. போனில் குனிந்தேன். “தம்பி, எனக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. ஒங்க போர்டு பேசலயே, எழுதுதே! நீங்க அடுத்த வருசம் வரைக்கும் பதில் சொல்லலன்னா, மழை ‘வேண்டாம்’னு எடுத்துக்கிட்டுத் திரும்பிப் போயிருமா?”

“யாரு கோமதி அது?” என்றார் முதலாளி. “என் மாமனாரு, பாஸ்” என்றாள் இவள். “சரி, செஞ்சு பாரு. ஆனா சங்குல கை வெக்கக் கூடாது. இடம் பத்தலன்னா விட்டுரு.”

செய்து பார்த்தாள். முதல் முறை கட்டியபோது நூலகம் பெருத்துப் போய்ப் பெட்டிக்குள் நுழையவில்லை. எதையாவது எடுத்தால்தான் நமக்கு இடம். எதை எடுப்பது என்று தேடியபோது உள்ளே என்ன இருந்தது தெரியுமா? குளிர்காலம் வந்தால் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிற நாடுகள் இருக்கின்றனவாம். எந்த மாதம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்கிற கணக்கு அத்தனையும் அந்தப் பெட்டியில் பத்திரமாக இருந்தது! அதற்கு யாரும் வேண்டும் என்று சொல்லவில்லை. அது கேட்காமலே ‘வேண்டும்’. நம் எழுத்து கேட்காமலே ‘வேண்டாம்’. எங்கோ ஒருவன் கடிகாரத்தைத் திருப்புவதற்காக நம் மலையில் நான் மண்ணுக்குள் போக வேண்டுமா? இதைச் சொல்லிச் சொல்லிக் கத்தினேன். கோமதிக்கும் அப்போதுதான் கோபம் வந்தது. உன் கோபம். மூக்கு நுனி சிவக்குமே, அது.

கடிகாரத்தை வெளியே எடுத்தாள். எழுத்து உள்ளே வந்தது. மேசையில் ஒரு பெட்டியை வைத்துச் சங்கை ஊதி ஊதிப் பார்த்தாள். நம் வீட்டு நாய் சாப்பிடவே மறுத்துவிட்டது.

முதலில் வந்த எழுத்தைப் பார்க்க வேண்டுமே நீ. கேள்விக்குறி போய்விட்டது. ஆனால் ‘கே’ எழுதச் சொன்னால் ‘க’வைப் போட்டுவிட்டு அதற்குப் பின்னால் கொம்பைப் போட்டிருந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நானும் வகுப்பில் அப்படித்தான் எழுதினேன். காதுக்குப் பின்னால் கேட்கிற ஓசைக்குக் கொம்பை முன்னால் எழுது என்றால் எப்படி? “இதுவும் என் வகுப்புத்தான்லா” என்றேன். கோமதியும் சிரித்தாள். எழுத்தை வரைகிற பகுதி வேறாம். அதையும் உட்கார்ந்து சரி செய்தாள்.

கடைசியில் ஒரு சங்கடம். கம்பெனி கொடுத்த வாசகம் ‘நிலச்சரிவு அபாயம் காரணமாக அனைவரும் உடனடியாக வெளியேறவும்’. பலகையின் அகலத்துக்குள் அது அடங்கவில்லை. ஓடி முடிவதற்குள் மண் வந்துவிடும். “சின்னதா வேணும் மாமா. ஒரே பார்வையில படிக்கணும்” என்றாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என்ன எழுதினாள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மழை வந்தது. ஒரு மத்தியானம், தானா ராத்தா பக்கம் ஒன்றுமே தெரியாத மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. சங்கு ஊதியது. பலகை எரிந்தது. மலாய், ஆங்கிலம், பிறகு நம் வரி. அதற்கும் கீழே இன்னொரு வரி, மேலே கோடு போட்ட வங்காள எழுத்து. அகல எழுத்தை அறியும் அந்த வேலை ஒரு தடவை உள்ளே போய்விட்டால் எந்த மொழி எழுத்துக்கும் அதே வேலைதானாம், உருவத்தை மட்டும் சேர்த்தால் போதுமாம். கபீர் மழையில் நின்று அதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினான். “பாக்சிக்! இனி சயா புன்யா! சயா புன்யா!” மலாயில், பெரியவரே, இது என்னுடையது, என்னுடையது என்று. நின்று படிக்கிற நேரமா அது? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினேன்.

ஏறும்போது நம் வரியை நான் வாய்விட்டுப் படித்தேன், மச்சான். வீட்டுக்கு வீடு நின்று படித்தேன். “கோயிலுக்கு ஏறு! கோயிலுக்கு ஏறு!” எனக்குப் பின்னால் வந்த கோமதி குடையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். மழைக்கு அப்படிப் பிடிப்பதில்லை.

அன்று மண் வரவில்லை. நனைந்ததுதான் மிச்சம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவர்களை ஒரு பிடி பிடித்தேன். அதை இங்கே எழுதினால் தாள் போதாது.

புகாரை வாபஸ் வாங்குகிறேன் என்று நினைக்காதே. ஒரு கேள்வியைத் தாண்டிப் போனாள், அது தப்புத்தான். ஆனால் இப்போது எந்தப் பெட்டிக்கு எந்த நூலகம் கட்டினாலும், அந்தக் கேள்வி வரும்போது என்னைக் கூப்பிடுகிறாள். “மாமா, கேக்குது” என்கிறாள். “வேணும்னு சொல்லு” என்கிறேன். அவளுக்கே தெரியும். இருந்தாலும் கூப்பிடுகிறாள். நீ ஏன் இதை எனக்கு முன்பே சொல்லவில்லை, உன் மகள் இவ்வளவு நல்லவள் என்று?

ஒரு வாக்கு கொடுக்கிறேன். என் கண் தெரிகிற வரை, மழை நாளில் அந்தப் பலகைக்கு எதிரே நான் இருப்பேன். எழுதியிருப்பதை எழுதியிருப்பது போலவே படிப்பேன். உன்னை மாதிரி ஒரு சொல்கூடச் சேர்க்க மாட்டேன். சேர்க்க வேண்டியதும் இல்லை. நீ அன்று கத்தியதுதான் அங்கே எழுதியிருக்கிறது.

தன் கையால் எழுதும்,
உன் அக்காள் புருஷன், உன் மச்சான்,
பச்சையப்பன்