ஒலிக்காத மரமுரசு

சும்பர்வாரு,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் லிந்தாங்குக்கு,

தைவானில் நீ உடல்நலத்தோடு இருக்க இறைவனை வேண்டுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுத மனம் வரவில்லை. எரிமலை கக்கிய சாம்பலைக் கூரையிலிருந்து இன்னும் வழித்துக்கொண்டிருக்கிறோம், அம்மாவின் இருமல் நிற்கவில்லை, மருந்து கொடுக்கிறேன். உன் சித்தப்பா சார்ஜிமானை அடக்கம் செய்ததைத் தொலைபேசியில் சொன்னேன். அவன் இறந்த விதத்தைச் சொல்லவில்லை, அதை இப்படி எழுதி, படமெடுத்து உன் தொலைபேசிக்கு அனுப்புகிறேன்.

மலை குமுறினால் காவல் குடிலில் தொங்கும் மரமுரசை விடாமல் அடிப்பார்கள், மேல்சரிவில் மாட்டுக்குப் புல்லறுப்பவர்கள் அதைக் கேட்டுத்தான் இறங்குவார்கள் என்பது நீ அறிந்ததே. சென்ற மாதம் இருமுறை அடித்தும் மலை அடங்கிவிட்டது. தம் விடுதிக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் மிரளுகிறார்கள் என்று ஊர்த் தலைவர் சுபாகியோ முரசடிக்கும் கோலைத் தம் வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை புகை எழுந்ததும் காவலாள் துகிமின் அந்தக் கோலைத் திருப்பிக் கேட்க அவரிடம் ஓடினான். விருந்தினருக்குப் பரிமாறிக்கொண்டிருந்த தலைவர், "மலை லேசா இருமுதுடா, அதுக்குள்ள ஒப்பாரியா? இவங்க சாப்ட்டு முடிக்கட்டும், இரு" என்றாராம். அவர்கள் முடிப்பதற்குள் நெருப்புமேகம் மேல்சரிவைக் கடந்துவிட்டது. விருந்தினர் அனைவரும் வண்டியேறித் தப்பினர். மேலே புல்லறுக்கப் போயிருந்த என் தம்பியை அவனது அரிவாளை வைத்துத்தான் அடையாளம் கண்டேன்.

ஏழாம் நாள் பிரார்த்தனைக்குத் தலைவரும் வந்தார். வந்ததை ஏற்றுக்கொள்வதே நம் மக்களின் பண்பு என்று நீளமாகப் பேசினார். முர்னி சித்தி அவர் முன் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு, "எங்க வீட்டுக்காரருக்குக் காது நல்லாக் கேக்குங்க, தலைவரே" என்றாள். அதன்பின் ஒருவரும் சோற்றைத் தொடவில்லை.

வியாழக்கிழமை மாவட்ட விசாரணை. நான் பேசினால் தானும் பேசுவதாகத் துகிமின் சொல்கிறான். சம்பந்தியாகப் போகிறவர்கள் வீட்டு விஷயத்தை வெளியில் கொண்டுபோகலாமா என்று தலைவர் என்னிடம் கேட்டார். உன்னிடமும் பேசியிருக்கிறார், "கொஞ்சம் பொறுத்துப் போங்கப்பா" என்று நேற்று நீ சொன்னது அவருடைய வாசகம்.

நான் பேசுவேன். அவர் மகன் ஹந்தோகோ நல்லவன். சாம்பல் ஆறுமுன்பே ஏறிப் பிணங்களைச் சுமந்தவன். அவனை மணப்பதும் மறுப்பதும் உன் விருப்பம், இரண்டுக்கும் என் ஆசி உண்டு. ஆனால் அந்த வீட்டில் அமர்ந்து உன்னைக் கைபிடித்துக் கொடுக்க வேண்டியவன் நான். அந்த வீட்டுக்கு நான் வரலாமா என்று முர்னி சித்தியிடம் நீயே கேள். அவள் சரி என்றால் வருகிறேன்.

குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள். இறைவன் உன்னைக் காக்கட்டும். சித்தியிடம் பேச மறவாதே. வியாழனுக்கு முன் பேசு.

உன் அப்பா,
பிரஸ்தோவோ